தர்மபுரியில் எங்கள் தெருவைச் சீரமைக்க வீட்டுக்கு வீடு பணம் திரட்டலாமா?

பேட்டைத் தையல்காரி (தர்மபுரி) கேட்கிறார்:

வணக்கம். குமாரசாமிப்பேட்டையை ஒட்டிய பழைய தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். மாமனார் காலத்து வீடு. முன்னறையிலேயே தையற்கடை வைத்திருக்கிறேன். தெருவின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு கட்சிப் பக்கம் திரும்பிவிடும்.

தெருவில் 60 வீடுகள் இருக்கின்றன. அதில் கால்வாசி பூட்டிக் கிடக்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களும் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தவர்களும் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் வந்து கதவைத் திறக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் பைபாஸ் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் சில சரக்குக் கிடங்குகளாகிவிட்டன. சிலவற்றில் வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கின்றன.

தெருவின் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. மேலே போட்ட சிமென்ட் பலகைகளில் பாதி உடைந்துவிட்டன. ஐப்பசி மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வந்து வாசலில் நிற்கிறது. சாலையை ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். என் மாமனார் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனார் என்று சொல்வார்கள். நாங்கள் ஒரு படி இறங்கிப் போகிறோம். தெருமுனையில் ஒரு பொதுக்கிணறு குப்பைக் குழியாகிவிட்டது. அதன் பக்கத்தில் முன்பு படிப்பகமாக இருந்த ஓட்டுக் கட்டடம் பூட்டியே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நானும் பைபாஸுக்குப் போகலாம். என் மகன் அதைத்தான் சொல்கிறான். எனக்கு மனமில்லை. பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள், பேருந்து நிலையம் பக்கம், இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக வந்தாலும் நான்கு திண்ணையில் ஆள் இருக்கும். இப்படி ஒரு தெருவைப் புதிதாக எந்த நகரிலும் வாங்க முடியாது.

பண்டிகை முடிந்து கணக்குப் பார்க்கும்போது பெரியவர் ஒருவர், தலைக்கட்டு வரி போட்டு அம்மனுக்கு இவ்வளவு செய்கிறோமே, அதே மாதிரி போட்டுச் சாக்கடையைச் சரிசெய்துவிடலாமே என்று ஆரம்பித்தார். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும் என்று இன்னொருவர் சொன்னார். உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. வீட்டு வரியும் கட்டி இதையும் கட்டுவதா என்று பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

பணம் திரட்டுவது சரியா? திரட்டுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது? இதில் பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் (கிருஷ்ணகிரி) பதில்:

அம்மா, பணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. உங்கள் தெருச் சாக்கடையின் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பல ஊர் நகராட்சிகளில் பணி மேற்பார்வையாளனாக வேலை பார்த்தவன் நான். தெருவுக்குள் புத்தம் புதிய வடிகால் கட்டி, அது சேரவேண்டிய பெரிய கால்வாய் அதைவிட உயரத்தில் இருந்ததால், கட்டிய வடிகால் வருடம் முழுவதும் தேங்கிய குட்டையாகவே நின்றதைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் நல்ல சிமென்ட், வேலையும் நல்ல வேலை. தண்ணீருக்குப் போக்கிடம்தான் இல்லை. உங்கள் ஊரில் தண்ணீர் கடைசியில் சனத்குமார நதிக்குத்தான் இறங்க வேண்டும். வத்தல்மலைப் பக்கம் பிறந்து தர்மபுரி வழியாகப் போய்க் கம்பைநல்லூர் அருகே தென்பெண்ணையில் கலக்கிற ஆறு அது. ஆறு என்று சொல்லும் நிலையிலா இன்று இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் எத்தனை இடத்தில் கால்வாய் குறுகுகிறது, எத்தனை சிறுபாலம் மண் மூடிக் கிடக்கிறது என்று பார்க்காமல் தெருவுக்குள் ஒரு செங்கல் வைப்பதும் வீண்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். புளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் மஞ்சளாகி முதுகு வளைந்த மக்கள் வாழும் இரண்டு மாவட்டங்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்று நான் சொல்லத் தேவையில்லை. பொதுப்பணம் என்றால் அப்படித்தான் செலவாக வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்பதுதான் பொறியாளர்கள் போடும் கணக்கு. குடத்தில் எடுத்துவந்த காலத்தில் கட்டிய சாக்கடை, குழாயில் வரும் காலத்துக்கு எப்படிப் போதும்? உங்கள் தெரு கெட்டுப்போனதற்கு அங்கே குடியிருப்பவர்களின் அலட்சியம் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே முதல் வேலைக்குக் காசு வேண்டாம். தெருவில் ஒரு கொத்தனாராவது இருப்பார். அவரிடம் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாய் இருக்கும். தெருவின் மேட்டிலிருந்து பெரிய கால்வாய் வரைக்கும் பத்தடிக்கு ஓரிடமாக மட்டம் பார்த்து ஒரு நோட்டில் குறியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்று உங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியிருக்கும். எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று வீட்டுக்கு வீடு கேட்டு அதையும் குறியுங்கள். அப்படிப்பட்ட மழைக்குத் தெருச் சாக்கடை எதுவும் தாங்காது; ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட விரும்புகிறது என்பதை அந்தக் கறை காட்டிவிடும். இந்த நோட்டோடு போனால் பொறியாளர் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்.

இனிப் பணம். கராச்சி நகரத்தில் ஒராங்கி என்ற மிகப்பெரிய குடிசைப் பகுதியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் என்பவர் ஒரு வேலையைத் தொடங்கினார். அவர் வகுத்த பங்கீட்டை எங்கள் துறைக்காரர்கள் பலர் படித்திருப்பார்கள். வீட்டுக்குள் கழிப்பறையும் சந்துக்குள் ஓடும் குழாயும் மக்கள் பொறுப்பு. சந்துகளிலிருந்து வருவதை வாங்கிக்கொண்டு போகிற பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடு உள்ள ஒரு சந்துதான் அங்கே அடிப்படை அலகு. அந்தச் சந்துக்காரர்களே கூடி, ஆள் ஒருவரைத் தேர்ந்து, அவர்களே காசு வசூலித்து, அவர்களே குழாய் பதித்தார்கள். ஒப்பந்ததாரர் இல்லாததால் செலவு பலமடங்கு குறைந்தது. நான் சொல்ல வருவது, தெருவுக்கு உள்ளே நாம், தெருவுக்கு வெளியே அரசு என்ற கோடு தெளிவாக இருந்தால்தான் மக்கள் கொடுக்கும் பணம் நிற்கும். வெளியே கால்வாய் இல்லாதபோது உள்ளே வசூல் செய்வது உங்கள் ஆட்களை ஏமாற்றுவதாகும்.

நம் மாநிலத்திலேயே சென்னையை ஒட்டி ஆலந்தூர் இருக்கிறது. அது அப்போது தனி நகராட்சி. 1990களின் இறுதியில் பாதாளச் சாக்கடை போட முடிவெடுத்து, அன்று தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி தெருத்தெருவாக நலச்சங்கங்களோடு பேசினார். வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையாக மக்கள் கட்டினார்கள். அந்தக் காலத்து 5,000 ரூபாய். ஏன் கட்டினார்கள்? முழுத் திட்டமும், கடன் எங்கிருந்து வருகிறது, மாதம் எவ்வளவு கட்டணம் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. தெருவுக்கு வெளியே என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. நீர்நிலைச் சீரமைப்பு என்றால் பாதி. மதிப்பீடு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 5 லட்சம். 60 வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு 8,300 ரூபாய்க்கு மேல். தையற்கடைக்கும் கிடங்குக்கும் வாடகைக் குடித்தனத்துக்கும் ஒரே தொகையா? கூடாது. பூட்டிய வீட்டின் உரிமையாளர் கட்ட வேண்டும், வாடகைக்காரர் கட்ட வேண்டாம். சாலை உயர்ந்ததால் யார் வீடு அதிகம் மூழ்குகிறதோ அவர்களிடம் அதிகம் கேட்கும் யோசனை வரும். அதை முளையிலேயே தடுத்துவிடுங்கள், ஏனென்றால் பள்ளத்தில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இல்லாதவர்கள். எழுத்துமூலமான மதிப்பீடு கையில் வரும்வரை ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். சம்மதக் கையெழுத்து மட்டும் வாங்குங்கள்.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் மனுவில் இதைத் தனி வரியாக எழுதுங்கள். சுரண்டாமல் போடுவதாக இருந்தால் சாலையே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

வரிச்சீட்டு (ஓசூர்) பதில்:

மேற்பார்வையாளர் ஐயா சொன்ன மட்டக் கணக்கு நல்ல யோசனை. ஆனால் அடிப்படையில் எனக்கு உடன்பாடு இல்லை.

2022இல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கும் 25 சதவீதம் கூடியது. தண்ணீர்க் கட்டணமும் குப்பைக் கட்டணமும் தனி. வடிகால் என்பது உள்ளாட்சியின் அடிப்படைக் கடமை. கடமையைச் செய்ய மூன்றில் ஒரு பங்கு கொண்டுவா என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைச் சுலபமாகக் கட்டக்கூடியவர்கள் யார்? புதிய நகர்களில் இருப்பவர்கள். அவர்கள் ஒரு கூட்டம் போட்டால் ஒரே வாரத்தில் 5 லட்சம் சேர்ந்துவிடும். அரசின் 10 லட்சத்தை வாங்கிப் பூங்காவும் நடைபாதையும் போட்டுக்கொள்வார்கள். பேட்டைத் தெருவால் கட்ட முடியாது. அரசின் 10 லட்சமும் அங்கே வராது. தேவை அதிகமுள்ள இடத்துக்குக் குறைவாகவும் வசதியுள்ள இடத்துக்கு அதிகமாகவும் பொதுப்பணம் பாயும். பங்களிப்பு என்ற நல்ல பெயரில் நடப்பது இதுதான்.

மக்கள் பங்கு தேவையில்லாத நிதிகள் இருக்கின்றன. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடியும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடியும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. முதலில் அவற்றைக் கேளுங்கள் அக்கா. பண்டிகைக்கு வசூலிப்பது நம் நம்பிக்கை சார்ந்தது. சாக்கடை நம் உரிமை. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

குழுத் தலைவி (கிருஷ்ணகிரி) பதில்:

நான் பழையபேட்டையில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறேன். பணத்தைப் பற்றி இரண்டு அண்ணன்களும் பேசிவிட்டார்கள். யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தலைக்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்கட்டு என்றால் குடும்பத்து ஆண் பெயர். வாடகைக்கு இருப்பவருக்குத் தலைக்கட்டு கிடையாது. கணவன் இல்லாதவளுக்குப் பாதித் தலைக்கட்டு என்று வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனிக்கு அந்த நோட்டிலேயே இடம் இருக்காது. ஆனால் உங்கள் தெருத் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? அங்கே யார் குடியிருக்கிறார்கள்? உங்கள் வாசலை உலர்த்தி அவர்கள் வாசலை நனைக்கிற வேலையாக இது முடியக்கூடாது. அந்தப் பண்டிகை நோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்கினால் இது நிச்சயம் நடக்கும். புது நோட்டுப் போடுங்கள். வீட்டுக்கு ஒருவர் என்று வைக்காமல் வீட்டுக்கு இருவர், அதில் ஒருவர் பெண் என்று வையுங்கள். கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தியும் வரமாட்டாள், பிறகு பெண்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவார்கள். தைப்பூசத்தில் பெண்களே வடம் பிடித்துத் தேரை இழுக்கிற ஊர் குமாரசாமிப்பேட்டை. அந்தப் பெண்கள் கணக்கு நோட்டையும் பிடிக்கட்டும்.

கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எங்கள் பகுதியில் ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டார்கள். திறந்துவைத்த சில மாதங்களிலேயே குடிநீர்க் குழாய்க்காக நடுவில் தோண்டினார்கள். எடுத்த கற்களைத் திரும்ப அடுக்க ஆள் வரவில்லை, அடுக்கத் தெரிந்த ஆளுக்குக் கூலி கொடுக்க எங்களிடம் தனிக் காசும் இல்லை. பள்ளம் அப்படியே நின்றது. அந்தத் தெருவுக்கு அரசுப் பணம் வராமலில்லை. வந்த பணத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுதான் இல்லை.

திருச்சியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளை 2000ஆம் ஆண்டையொட்டிப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் துணைநின்றது. கட்டடம் மாநகராட்சியுடையது, வாசலில் உட்கார்ந்து சிறு கட்டணம் வாங்குவது, சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் கொடுப்பது, விளக்கு மாற்றுவது எல்லாம் குழுவின் வேலை. மிஞ்சிய காசில் தெருவுக்கு வேறு நல்லது செய்தார்கள். அந்தப் பெண்கள் கணக்கைப் பலகையில் எழுதி வைத்திருந்ததை நான் நின்று படித்தேன். எங்கள் குழுவும் அதன் பிறகுதான் பலகை வைத்தது.

உங்கள் படிப்பகக் கட்டடம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். கூடுவதற்கு ஓர் இடம் இல்லாத தெருவில் எந்த முயற்சியும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மாட்டிக்கொள்ளும்; அவரோடு சண்டை வந்தால் முயற்சியும் நின்றுவிடும். சாக்கடைக்கு முன்பே அந்தப் பூட்டைத் திறக்கக் கேளுங்கள். கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றவும் வெள்ளையடிக்கவும் இரண்டு மேசை வாங்கவும் பெரிய தொகை ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கிற இடமாகிவிட்டால் பூட்டுப்போட யாருக்கும் மனம் வராது.

கடைசியாக ஒன்று, இதைக் கடுமையாகவே சொல்கிறேன். தெருவே சேர்ந்து தூர்வாருகிறோம் என்று உற்சாகத்தில் யாரையும் சாக்கடைக்குள்ளோ குழிக்குள்ளோ இறக்காதீர்கள். உங்கள் தெருப் பையன்கள் இறங்கமாட்டார்கள், கூலிக்கு ஒருவரைக் கூப்பிடுவார்கள், அவர் யாராக இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இயந்திரம் வந்துதான் எடுக்க வேண்டும். அதற்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் (கிருஷ்ணகிரி):

ஓசூர்த் தம்பி சொன்ன சமமின்மை உண்மை. நேரிலேயே கண்டிருக்கிறேன். வசதியான நகர்ச் சங்கம் ஒன்று வரைவோலையோடு வந்தபோது எல்லாக் கதவும் திறந்தது. மழைக்கு மூழ்குகிற தெருக்காரர்கள் மனுவோடு வரிசையில் நின்றார்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மக்கள் பங்கை அந்தத் தெருக்காரர்கள்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. நிறுவனமோ அறக்கட்டளையோ தனி நபரோ அவர்களுக்காகக் கட்டலாம். ஓசூரைச் சுற்றி எத்தனை தொழிற்சாலைகள்! 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தர்மபுரிப் பிள்ளைகள் வேலை பார்க்கும் தொழிற்சாலை தர்மபுரித் தெருவுக்குப் பங்கு கட்டினால் அது தானமாகாது, கடன் தீர்ப்பதுதான். ஆனால் அவர்கள் பெயர்ப்பலகைக்கு ஏற்ற இடம் பார்த்து நுழைவு வளைவு கட்டித்தருகிறோம் என்பார்கள். வடிகால்தான் வேண்டும் என்று நீங்கள் நிற்க வேண்டும்.

இருந்தாலும் மக்கள் பங்கே கூடாது என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை, தம்பி. தன் காசு 500 ரூபாயாவது உள்ளே இருந்தால், கலவை போடும்போது தெருக்காரர் வெளியே வந்து நிற்கிறார். எத்தனை சட்டி ஜல்லிக்கு எத்தனை சட்டி சிமென்ட் என்று எண்ணுகிறார். முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும் நீளமும் தெருவில் இருக்கும் நீளமும் ஒன்றா என்று கேட்கிறார். முழு அரசுப் பணத்தில் நடந்த வேலையில் அப்படி நின்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. தொகை சிறியதாக இருக்கட்டும், கட்ட முடியாதவருக்கு விலக்கு இருக்கட்டும். ஆனால் அது இருக்கட்டும்.

வரிச்சீட்டு (ஓசூர்):

நின்று கேட்பதற்கு 500 ரூபாய் கட்ட வேண்டியதில்லை, ஐயா. வரி கட்டியவர் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் மதிப்பீட்டின் நகலும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்கலாம். மக்களுக்கு அது தெரியவில்லை என்பதற்காக அவர்களிடம் பணம் வாங்குவது தீர்வல்ல, தெரியவைப்பதுதான் தீர்வு. நிறுவனங்களிடம் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பேட்டைத் தையல்காரி (தர்மபுரி):

எல்லோருக்கும் நன்றி. எழுதியவற்றைக் கடையில் வைத்தே சிலருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போனவர்களில் ஒருவர் மட்டக் கணக்கைக் கேட்டதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் கொத்தனார்தான்; குழாய் தன்னிடமே இருக்கிறது என்றார்.

நோட்டைப் பற்றி அக்கா சொன்னது எனக்குத் தைத்தது. எங்கள் தெருத் தண்ணீர் இறங்குகிற பள்ளத்தில் 20 வீடு கொண்ட ஒரு காலனி இருக்கிறது. பண்டிகை நோட்டில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களைச் சேர்க்காமல் மனு எழுதக்கூடாது என்று நானும் என் பக்கத்து வீட்டு அம்மாவும் உறுதியாகச் சொல்லிவிட்டோம். இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் வந்தால்தான் நான் வருவேன் என்றேன். அப்படியே நிற்கப் போகிறேன்.

பூட்டிய வீட்டுக்காரர்களின் எண்களைத் திரட்டிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பேசத் தொடங்கியிருக்கிறோம். வீட்டை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவர், தெரு சரியானால் ஓய்வுக்குப் பிறகு திரும்பி வருவேன் என்றார். இதைக் கேட்டதும் எனக்கு வந்த தெம்பை எழுதத் தெரியவில்லை.

பணம் இப்போது வேண்டாம் என்பதில் ஒத்துப்போய்விட்டோம். இன்னொரு சந்தேகம். பகுதி சபை என்று ஒன்று இருப்பதாக வார்டு உறுப்பினரிடம் கேட்டபோது, ஆமாம், வாருங்கள், மனுக் கொடுங்கள் என்றார். நேரே அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்கும் அங்கே கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு?

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் (கிருஷ்ணகிரி):

வேறுபாடு இருக்கிறது அம்மா. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. தர்மபுரி 2011 கணக்கெடுப்பில் 70 ஆயிரத்துக்கும் குறைவு. நம்மைப் போன்ற ஊர்களுக்கு மாநில அரசு 2022இல் கொண்டுவந்த வார்டு குழு, பகுதி சபை விதிகள்தான் வாசலைத் திறந்தன. கிராமசபை போல நகரத்திலும் தெருக்காரர்கள் கூடிப் பேசும் முதல் வாய்ப்பு. அலுவலகத்தில் கொடுக்கும் மனு ஒரு கோப்புக்குள் போகும்; உங்களுக்கும் எழுத்தருக்கும் மட்டும் தெரியும். பகுதி சபையில் சொல்வது எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டு, கூட்டக் குறிப்பில் ஏறி, வார்டு உறுப்பினர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகும். அடுத்த கூட்டத்தில் போன முறை குறித்தது என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுந்து கேட்கலாம். குறிப்பில் உங்கள் வார்த்தைகள் அப்படியே ஏறியிருக்கின்றனவா என்று கூட்டம் கலையும் முன்பே படித்துப் பாருங்கள். தெருவில் வடிகால் வசதி கோரப்பட்டது என்று மட்டும் எழுதிவிட்டால் பயனில்லை.

மனுவில் மூன்று கோரிக்கை போதும். தெருவிலிருந்து பெரிய கால்வாய் வரை முழு நீளத்துக்கும், காலனியையும் சேர்த்து, மட்டம் எடுத்து ஒரே மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதில் இயந்திரத்தால் தூர்வாரும் ஆண்டுச் செலவும் தனி வரியாக இருக்க வேண்டும். பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிய சாலை. படிப்பகக் கட்டடத்தைத் தெருக் குழுவின் பராமரிப்பில் திறந்துவிட வேண்டும். கிணறு இப்போது வேண்டாம், தூர்வாரி மழைநீர் விடுவதற்கு முன் அதில் சாக்கடை ஊறுகிறதா என்று சோதிக்க வேண்டும், அது தனி வேலை.

பாதாளச் சாக்கடை இணைப்பு உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. மட்டம் பார்க்கும்போதே அதையும் வீடு வீடாகக் கேட்டு இங்கே எழுதுங்கள். அதைப் பொறுத்து வடிகாலின் அகலம் மாறும்.

குழுத் தலைவி (கிருஷ்ணகிரி):

மனுவில் முதல் கையெழுத்து காலனிப் பெண் ஒருவருடையதாக இருக்கட்டும் அக்கா. கூட்டத்தில் மட்டக் கணக்கு நோட்டைப் பிடித்துப் பேசப்போவது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வேண்டுமானால் எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் முந்தின நாள் மாலை தர்மபுரிக்கு வருகிறோம். உங்கள் பெண்களோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.